ஊசி போட்ட கைக்கு ஓய்வு கொடுத்தோமா?

ஆஸ்பத்திரிக்குப் போய்த் திரும்பியவரை லயத்து வாசலில் நிறுத்தி நம்மவர்கள் முதலில் கேட்கும் கேள்வி என்ன? "ஊசி போட்டாங்களா, வெறும் மாத்திரைதானா?" என்பதுதான். மாத்திரை என்றால் முகம் சுருங்கும். ஊசி என்றால், "அப்ப சரி, நல்ல டாக்டர்தான்" என்று மனம் குளிரும்.

இந்த நம்பிக்கை நேற்று வந்ததல்ல. அந்தக் காலத்தில் தோட்டத்து டிரஸர் ஐயா கொதிநீரில் ஊசியைப் போட்டு எடுத்து, காய்ச்சலுக்கும் புண்ணுக்கும் குத்தி நம் பாட்டன் பூட்டனைப் பிழைக்க வைத்தார். ஊசி உயிர் காத்தது உண்மை. ஆனால் எந்த வலிக்கு, எந்த ஊசி, எத்தனை தடவை என்று கேட்கும் பழக்கம் மட்டும் நம்மிடம் வளரவே இல்லை. மூட்டு வலிக்கும் கை வலிக்கும் போடப்படும் ஸ்டீராய்டு ஊசியைப் பற்றி இன்று பேசலாம் என்று நாம் எண்ணியதற்குக் காரணம், தாப்பா பக்கத்தில் நாம் சந்தித்த ஓர் அக்காள்.

பூட்டிக்கொண்ட விரல்

அக்காளுக்கு வயது ஐம்பத்தைந்தைத் தாண்டிவிட்டது. கலியாணமாகி வந்த நாளிலிருந்து பால்மரம் வெட்டியவர். ரப்பரை அழித்துச் செம்பனை நட்ட பிறகு உதிரிப்பழம் பொறுக்கவும் உரம் போடவும் போனார். வலது கை மோதிர விரல் காலையில் எழும்போது உள்ளங்கையோடு மடங்கிப் பூட்டிக்கொள்ளும். இடது கையால் பிடித்து இழுத்தால் 'டக்' என்று ஒரு சத்தம். அப்புறம்தான் விரல் நிமிரும்.

"உயிர் போற வலிங்க. டீத்தண்ணி கிளாசைக்கூடப் புடிக்க முடியாது," என்றார்.

முதலில் தைலம் தேய்த்திருக்கிறார். பிறகு யாரோ சொன்ன இடத்துக்குப் போய், இடுப்பில் ஊசி போட்டுக்கொண்டார். மறுநாள் விரல் மட்டுமா, முதுகு, முழங்கால் எல்லாமே 'ஜம்'மென்று இருந்ததாம். மூன்று வாரத்தில் வலி திரும்பியது. மறுபடி ஊசி. அது என்ன ஊசி என்று அக்காளும் கேட்கவில்லை, போட்டவரும் சொல்லவில்லை. அக்காளுக்கோ இனிப்புநீர் வேறு. ஒரு நாள் தலை சுற்றி, நாக்கு வறண்டு, அரசாங்கக் கிளினிக்குக்குக் கொண்டுபோனபோது ரத்தத்தில் சர்க்கரை எங்கேயோ ஏறிக் கிடந்தது.

அங்கிருந்து கடிதம் வாங்கி நிபுணர் டாக்டரைப் பார்க்கப் போனார். அவரும் கடைசியில் போட்டது ஸ்டீராய்டு ஊசிதான்! ஆனால் இடுப்பில் அல்ல. விரலின் அடியில், உள்ளங்கையில். போட்ட பின், "ரெண்டு வாரம் கைக்கு வேலை கொடுக்காதீங்க" என்று சொல்லி அனுப்பினார்.

அக்காள் என்ன செய்தார்? மூன்றாம் நாளே பெரட்டுக்குப் போய்விட்டார். "வலிதான் இல்லையே, அப்புறம் எதுக்கு வீட்டுல குந்தியிருக்கணும்?" என்பது அவர் நியாயம். நான்காம் மாதம் விரல் மறுபடி பூட்டிக்கொண்டது.

இந்த ஒரு விரலின் கதையில் நமக்கு வேண்டிய பாடம் முழுதும் இருக்கிறது.

நம் கை படும் பாடு

பால் வெட்டுகிறவர் விடியுமுன்பே நிரையில் இறங்கி ஐந்நூறு மரம் வரைக்கும் வெட்டுவார். ஒவ்வொரு மரத்திலும் உளியை இறுகப் பிடித்து, மணிக்கட்டை வளைத்து, மெல்லிய பட்டையைச் சீவ வேண்டும். அதன்பின் மங்கில் உள்ள பாலை வாளியில் ஊற்றிச் சுமக்க வேண்டும். செம்பனையில் வேலை செய்கிறவர் நீண்ட கம்பின் நுனியில் உள்ள அரிவாளை அண்ணாந்து பார்த்து இழுக்கிறார். விழும் குலை இருபது கிலோவும் இருக்கும். அதைக் குத்தித் தூக்கித் தள்ளுவண்டியில் ஏற்றுகிறார். உதிரிப்பழம் பொறுக்கும் பெண்கள் நாள் முழுதும் குந்தியும் குனிந்தும் இருக்கிறார்கள்.

இப்படி வருஷக்கணக்கில் ஒரே அசைவைச் செய்யும் உடம்பில் தேயாதது எது? நாம் 'நரம்பு' என்று பொதுவாகச் சொல்கிறோமே, தசையை எலும்போடு இழுத்துக் கட்டும் அந்தக் கயிறு உண்மையில் தசைநார். விரலை மடக்கும் தசைநார் ஓர் உறைக்குள் ஓடுகிறது. கத்தி உறைக்குள் போய் வருவதைப் போல. தேய்ந்து தேய்ந்து தசைநாரில் ஒரு முடிச்சுப் போல வீங்கிவிட்டால், உறைக்குள் நுழைய முடியாமல் தடுக்கும். அதுதான் விரல் பூட்டிக்கொள்வது. கட்டைவிரல் பக்கம் மணிக்கட்டில் இப்படி வந்தால் பிள்ளையைத் தூக்கவோ துணி பிழியவோ முடியாது. முழங்கையின் வெளிப்பக்கம் வலித்தால் டாக்டர் 'டென்னிஸ் எல்போ' என்பார். பந்து விளையாட்டுக்காரர் பேரைச் சொன்னாலும் உளி பிடிக்கிறவருக்கும் அரிவாள் இழுக்கிறவருக்கும் அது வரும். மணிக்கட்டுக்குள் உணர்வு நரம்பு நெருக்கப்பட்டால், இரவில் விரல்கள் மரத்துப்போய்க் கையை உதறிக்கொண்டு எழ வேண்டி வரும். தோள்பட்டை இறுகிப்போய்த் தலை சீவக்கூடக் கை தூக்க முடியாமல் போவதும் உண்டு. இது இனிப்புநீர்க்காரர்களுக்கு அதிகம் வரும். முழங்கால் தேய்மானத்தைச் சொல்லவே வேண்டாம். அது இல்லாத வயதானவர் எந்த லயத்தில் இருக்கிறார்?

இந்த நோய்களில் பலவற்றுக்கு டாக்டர்கள் ஸ்டீராய்டு ஊசியை ஓர் உதவியாக வைத்திருக்கிறார்கள்.

ஊசிக்குள் இருப்பது என்ன?

நம் இரண்டு சிறுநீரகங்களின் தலைமேலும் தொப்பி வைத்தாற்போல் ஒரு சிறு சுரப்பி இருக்கிறது. அங்கே சுரக்கும் 'கார்டிசால்' என்னும் நீர்தான் உடம்பின் வீக்கத்தையும் எரிச்சலையும் அடக்கி வைக்கிறது. ஸ்டீராய்டு மருந்து அதன் உறவுக்கார மருந்து. உடம்பை முறுக்கேற்றப் பளு தூக்குகிறவர்கள் திருட்டுத்தனமாகப் போட்டுக்கொள்வதும் ஸ்டீராய்டுதான், ஆனால் அது வேறு வகை. இரண்டையும் ஒன்றாக நினைத்துப் பயப்பட வேண்டாம்.

இந்த மருந்து உலகத்துக்கு வந்த கதை வியப்பானது. 1948-ஆம் ஆண்டு செப்டம்பரில் அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையில், மூட்டு வாதத்தால் முடங்கிக் கிடந்த 29 வயதுப் பெண்ணுக்கு டாக்டர் பிலிப் ஹென்ச் 'கார்டிசோன்' ஊசியைப் போடச் செய்தார். சில நாளில் அந்தப் பெண் எழுந்து நடந்தார். 1950-இல் ஹென்சுக்கும், அவரோடு உழைத்த எட்வர்ட் கெண்டலுக்கும், சுவிட்சர்லாந்தின் ததேயுஸ் ரைக்ஸ்டைனுக்கும் நோபல் பரிசு கிடைத்தது. உலகமே அதிசய மருந்து என்று கொண்டாடியது.

அந்தக் கொண்டாட்டம் நெடுநாள் நீடிக்கவில்லை. மருந்தை நிறுத்தியதும் நோய் திரும்பியது. தொடர்ந்து கொடுத்தால் முகம் ஊதியது, எலும்பு பலம் இழந்தது, சர்க்கரை ஏறியது. அப்போதுதான் வேறொரு வழி பிறந்தது. வலி ஓர் இடத்தில்தானே இருக்கிறது, மருந்தை உடம்பு முழுதும் ஏன் அனுப்ப வேண்டும்? 1951-இல் பிலடெல்பியா நகரின் டாக்டர் ஜோசப் ஹாலண்டர், மருந்தை நேரே மூட்டுக்குள் செலுத்திய அனுபவத்தை எழுதினார். இன்று தாப்பாவிலிருந்து போகும் நம் அக்காளுக்கு உள்ளங்கையில் போட்ட ஊசிக்கு மூலம் அதுவே.

ஆக, இடுப்பில் போட்டதும் உள்ளங்கையில் போட்டதும் ஒரே குலத்து மருந்தாக இருக்கலாம். ஆனால் ஒன்று காட்டுக்கே மருந்தடிப்பது; இன்னொன்று நோய் கண்ட ஒரு மரத்துக்கு மட்டும் அடிப்பது.

போடும்போதும் போட்ட பிறகும்

டாக்டர் முதலில் தோலை மருந்து தொட்டுத் துடைப்பார். பெரும்பாலும் ஸ்டீராய்டோடு மரத்துப்போகச் செய்யும் மருந்தையும் கலந்து கொடுப்பார். அதனால் போட்ட உடனே வலி பறந்துபோகும். "அடடா, குணமாகிவிட்டது!" என்று தோன்றும். அது குணமல்ல. மரத்துப்போகும் மருந்தின் வேலை சில மணி நேரத்தில் தீர்ந்துவிடும். அன்று இரவோ மறுநாளோ வலி முன்பைவிடக் கூடவும் செய்யலாம். இதற்குப் பயப்பட வேண்டியதில்லை, ஓரிரு நாளில் அடங்கும். ஸ்டீராய்டு தன் வேலையைக் காட்ட சில நாள் முதல் ஒரு வாரம் வரை பிடிக்கும். பிறகு சுகம் சில வாரமோ சில மாதமோ நிற்கும். இது ஆளுக்கு ஆள், நோய்க்கு நோய் மாறும்.

பூட்டிக்கொள்ளும் விரலுக்கு இந்த ஊசி நல்ல பலன் தரும். போட்டுக்கொண்டவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு விரல் விடுபடுகிறது. இனிப்புநீர் உள்ளவர்களுக்குப் பலன் கொஞ்சம் குறைவு. ஊசியால் தீராவிட்டால், கையை மட்டும் மரத்துப்போகச் செய்து உறையைக் கீறிவிடும் சிறிய அறுவைச் சிகிச்சை இருக்கிறது. 'ஆப்பரேஷன்' என்ற சொல்லைக் கேட்டே ஓடிவிடக் கூடாது.

சில சின்னக் குறைகளும் வரலாம். ஊசி போட்ட இடத்தில் தோல் வெளுத்துப்போகும். நம் போன்ற கறுத்த தோலில் அது பளிச்சென்று தெரியும். அந்த இடம் கொஞ்சம் குழி விழுவதும் உண்டு. முகம் ஓரிரு நாள் சிவந்து சூடாக இருக்கும். இவை ஆபத்தல்ல.

ஆபத்தானது எது? ஊசி போட்ட மூட்டு வீங்கி, சூடாகி, நாளுக்கு நாள் வலி ஏறி, காய்ச்சலும் வந்தால், உள்ளே கிருமி புகுந்திருக்கலாம். இது அபூர்வம். ஆனால் வந்துவிட்டால் ஒரு நாள்கூடத் தாமதிக்கக் கூடாது. ராத்திரி என்றாலும் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். மஞ்சள் பற்றுப் போட்டுப் பார்ப்போம் என்று காத்திருந்தால் மூட்டே போய்விடும்.

இனிப்புநீர்க்காரர்கள் கவனத்துக்கு

2019-ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வின்படி நாட்டில் பெரியவர்களில் நூற்றுக்குப் பதினெட்டுப் பேருக்கு இனிப்புநீர். நம் இந்தியர்களிலோ நூற்றுக்கு முப்பத்தொரு பேருக்கு! மூன்றில் ஒருவர் என்றே வைத்துக்கொள்ளலாம். ஆகவே இந்தச் சங்கதி நம் வீட்டுச் சங்கதி.

மூட்டில் போட்டாலும் மருந்தில் கொஞ்சம் ரத்தத்தில் கலக்கும். அதனால் ஊசி போட்டபின் சில நாளைக்கு, சிலருக்கு ஒரு வாரம் வரைகூட, சர்க்கரை ஏறும். அந்த நாள்களில் கருவி வைத்திருப்பவர்கள் அடிக்கடி குத்திப் பார்க்க வேண்டும். இல்லாதவர்கள் கிளினிக்கில் சொல்லிப் பார்த்துக்கொள்ள வேண்டும். அளவுக்கு மீறிய தாகம், அடிக்கடி ஒன்றுக்குப் போவது, மயக்கம் இருந்தால் உடனே டாக்டரைப் பார்க்க வேண்டும். "ஊசி போட்டாச்சே" என்று இனிப்புநீர் மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். டாக்டரிடம் இனிப்புநீர் இருப்பதை மறைக்கவும் கூடாது. சர்க்கரை மிக அதிகமாக இருந்தால், அது இறங்கட்டும் என்று டாக்டரே ஊசியைத் தள்ளிவைப்பார். கோபிக்காதீர்கள், உங்கள் நன்மைக்குத்தான்.

அடிக்கடி போட்டால் என்ன?

"ஒன்று போட்டால் மூணு மாசம் சுகம். வருஷத்துக்கு நாலு போட்டால் வருஷம் பூராவும் சுகந்தானே?" என்று ஒரு பெரியவர் நம்மிடம் கணக்குச் சொன்னார். கணக்கு சரி, உடம்பு அந்தக் கணக்கில் வராது.

அமெரிக்காவில் முழங்கால் தேய்மானம் உள்ள 140 பேரை இரண்டு வருஷம் கவனித்தார்கள். ஒரு பாதியினருக்கு மூன்று மாதத்துக்கு ஒரு முறை முழங்காலில் ஸ்டீராய்டு ஊசி. மறு பாதியினருக்கு வெறும் உப்புநீர் ஊசி. யாருக்கு எது என்று நோயாளிகளுக்குத் தெரியாது. 2017-இல் முடிவு வெளிவந்தது. இரண்டு வருஷ முடிவில் வலியில் இரு பாதியினருக்கும் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. ஆனால் ஸ்டீராய்டு போட்டவர்களுக்கு மூட்டின் மெத்தையான குருத்தெலும்பு கூடுதலாகத் தேய்ந்திருந்தது!

முழங்கை வலிக்கு ஆஸ்திரேலியாவில் 165 பேரை வைத்துப் பார்த்த ஆய்வு 2013-இல் வந்தது. ஸ்டீராய்டு ஊசி போட்டவர்களுக்கு முதல் சில வாரம் சுகமாக இருந்தது. ஆனால் சுகமானவர்களுக்கு வருஷத்துக்குள் வலி திரும்பியதா என்று பார்த்தால், ஸ்டீராய்டு போட்டவர்களில் நூற்றுக்கு 54 பேருக்குத் திரும்பியது. வெற்று ஊசி போட்டவர்களில் 12 பேருக்குத்தான். ஆகவே முழங்கை வலிக்கு ஊசியே வேண்டும் என்று டாக்டரை வற்புறுத்துவது நமக்கே கேடாக முடியும். அந்த இடத்தில் பொறுமையும் பயிற்சியும்தான் நெடுநாள் பலன் தரும்.

பொதுவாக ஒரே மூட்டில் மூன்று மாத இடைவெளிக்குள் மறு ஊசி போடுவதில்லை. வருஷத்துக்கு மூன்று நான்குக்கு மேல் போகவும் டாக்டர்கள் விரும்புவதில்லை. குதிகாலுக்கு மேலே உள்ள பெரிய தசைநார் போன்ற இடங்களில் ஊசி போட்டால் அது அறுந்துபோகும் என்று தவிர்ப்பார்கள். அளவுக்கு மிஞ்சினால் அமுதமும் நஞ்சு என்று நம் முன்னோர் சொன்னது இதற்கும் பொருந்தும்.

வலி ஒரு காவல்காரன்

இனி அக்காளின் மூன்றாம் நாள் பெரட்டுக்கு வருவோம்.

வலி என்பது வீட்டுக் காவல்காரன். திருடன் வந்தால் கத்துகிறான். ஸ்டீராய்டு ஊசி அவன் வாயை அடைக்கிறது. அந்த அமைதி எதற்காக? வீக்கம் வடிந்து, தசைநார் ஆறி, மெல்லப் பயிற்சி செய்து கை பழைய நிலைக்கு வருவதற்காக. அந்த நேரத்தில் உளியைப் பிடித்தாலோ உர மூட்டையைத் தூக்கினாலோ, கத்த ஆளில்லாத வீட்டில் திருடன் புகுந்தது போலத்தான். ஊசி போட்ட தசைநார் சில வாரம் பலம் குறைந்தும் இருக்கும். பாரம் இழுத்தால் அறுந்துபோகவும் கூடும். ஊசி நமக்கு வாங்கித் தருவது கொஞ்ச காலம். அந்தக் காலத்தைக் கைக்கு ஓய்வாகக் கொடுத்தால் ஊசி பலித்தது. அதிலும் வேலைக்குப் போனால் ஊசியும் வீண், கையும் வீண்.

"நீங்க சொல்றது லேசு. ஒரு நாள் போகலேன்னா அன்னாடச் சம்பளம் யாரு குடுப்பா?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. அதற்கும் பதில் சட்டத்தில் இருக்கிறது.

1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி, நோய்க்காகச் சம்பளத்தோடு கூடிய விடுப்பு நமக்கு உண்டு. வேலையில் சேர்ந்து இரண்டு வருஷம் ஆகாதவர்களுக்கு வருஷத்துக்கு 14 நாள். இரண்டு முதல் ஐந்து வருஷத்துக்குள் இருப்பவர்களுக்கு 18 நாள். ஐந்து வருஷமும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு 22 நாள். ஆஸ்பத்திரியில் படுக்க நேர்ந்தால் அது வேறு, 60 நாள் வரை. நிர்வாகம் குறித்த டாக்டரோ அரசாங்க ஆஸ்பத்திரி டாக்டரோ கொடுத்த எம்.சி. வேண்டும். 48 மணி நேரத்துக்குள் நிர்வாகத்துக்குத் தெரிவிக்கவும் வேண்டும். தெரிவிக்காமல் வீட்டில் இருந்தால், எம்.சி. கையில் இருந்தாலும் சொல்லாமல் நின்றதாகக் கணக்காகிவிடும். இதில்தான் நம்மவர்கள் பலர் ஏமாறுகிறார்கள்.

ஊசி போட்ட டாக்டரிடம் வெட்கப்படாமல், "நான் இன்ன வேலை செய்கிறேன், கையால் இப்படி இழுக்க வேண்டும்" என்று செய்து காட்டுங்கள். அப்போதுதான் எத்தனை நாள் விடுப்பு, பிறகு என்ன இலேசான வேலை என்று அவர் எழுத முடியும். வேலையாலேயே வந்த நோய் என்று டாக்டர் கருதினால், 1969-ஆம் ஆண்டுச் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ், நாம் 'சொக்சோ' என்று அழைக்கும் பெர்கேசோவில் மனுச் செய்யவும் இடம் உண்டு. விபத்துக்கு மட்டும்தான் சொக்சோ என்று நினைத்து எத்தனை பேர் சும்மா இருந்துவிட்டார்கள்! எழுதப் படிக்கத் தெரிந்த பிள்ளைகளோ, தோட்டத்துத் தொழிற்சங்கத் தலைவரோ மனு எழுத உதவ வேண்டும்.

பேர் இல்லாத ஊசி, பேர் இல்லாத பொட்டலம்

இப்போது சொல்லப் போவதுதான் மிக முக்கியம். அக்காளுக்கு இடுப்பில் போட்ட ஊசி என்ன என்று இன்றுவரை தெரியாது. உடம்பு முழுதும் ஒரே நாளில் 'ஜம்'மென்று ஆனது, சர்க்கரை எகிறியது என்ற அடையாளங்களைப் பார்த்தால் எந்த டாக்டரும் ஸ்டீராய்டைத்தான் சந்தேகிப்பார்.

ஊசி மட்டுமல்ல. இரவுச் சந்தையிலும், கைப்பேசி வழியாகவும், வீடு வீடாகவும் 'மூட்டு வலிக்குக் கைகண்ட மூலிகை' என்று ஜாமு, உருண்டை, காப்பித்தூள் என்றெல்லாம் விற்கிறார்கள். சுகாதார அமைச்சின் மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரிகள் இப்படிப்பட்ட சரக்குகளைச் சோதித்து, 'டெக்ஸாமெத்தசோன்' என்னும் ஸ்டீராய்டு களவாகக் கலந்திருப்பதைப் பலமுறை கண்டுபிடித்து எச்சரித்திருக்கிறார்கள். நம் உடம்பு சுரக்கும் கார்டிசாலைவிட அது ஏறக்குறைய இருபத்தைந்து மடங்கு வீரியம் உள்ளது. மூலிகையால் சுகமாயிற்று என்று நாம் கும்பிடுகிறோம், உள்ளே வேலை செய்வதோ டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத மருந்து!

இதை மாதக்கணக்கில் தின்றால் என்ன ஆகும்? முகம் பௌர்ணமி நிலவு போல் ஊதும். "நல்லா சதை போட்டுட்டீங்க" என்று ஊரார் சொல்வார்கள். ஆனால் கையும் காலும் மெலியும். தோல் காகிதம் போலாகித் தொட்டாலே கன்றிப்போகும். ரத்தக் கொதிப்பும் சர்க்கரையும் ஏறும். எலும்பு உளுத்து, இலேசாக விழுந்தாலே முறியும். உடம்பு நோய்க்கிருமியை எதிர்க்கும் பலத்தை இழக்கும்.

இன்னொன்று கவனியுங்கள். வெளியிலிருந்து ஸ்டீராய்டு வந்துகொண்டே இருந்தால், உடம்பின் சொந்தச் சுரப்பி தூங்கிப்போகும். அப்போது மருந்தைத் திடீரென்று நிறுத்தினால் வாந்தி, தலைசுற்றல், மயக்கம் வந்து உயிருக்கே ஆபத்தாகும். ஆகையால் இதைப் படித்துவிட்டு, நெடுநாளாகத் தின்றுவரும் பொட்டலத்தை இன்றே குப்பையில் வீசிவிட வேண்டாம். பொட்டலத்தையும் டப்பாவையும் எடுத்துக்கொண்டு உடனே டாக்டரிடம் போங்கள். "இதைத்தான் சாப்பிட்டேன்" என்று காட்டுங்கள். அவர் திட்டமாட்டார். அளவைச் சிறிது சிறிதாகக் குறைத்து, பத்திரமாகக் கரை சேர்ப்பார்.

வாங்குமுன் டப்பாவில் 'எம்.ஏ.எல்.' என்ற எழுத்துகளில் தொடங்கும் பதிவு எண்ணும், மின்னும் ஒட்டு வில்லையும் இருக்கிறதா என்று பாருங்கள். எண் இருந்தாலும் போலியாக இருக்கலாம். படித்த பிள்ளைகளிடம் கொடுத்து மருந்துக் கட்டுப்பாட்டு இலாகாவின் இணையப் பட்டியலில் சரிபார்க்கச் சொல்லுங்கள். 'ஒரே நாளில் குணம்' என்று சொல்கிறவனை அன்றே சந்தேகியுங்கள்.

டாக்டரிடம் கேட்க வேண்டியவை

அரசாங்கக் கிளினிக்கில் குடிமக்களுக்குக் கட்டணம் ஒரு வெள்ளிதான். நிபுணரைப் பார்க்க ஐந்து வெள்ளி. தாப்பா ஆஸ்பத்திரியிலோ பக்கத்துக் கிளினிக்கிலோ காட்டினால், வேண்டுமானால் தெலுக் இந்தானுக்கோ, ஈப்போ ராஜா பெர்மைசூரி பைனுன் மருத்துவமனைக்கோ கடிதம் கொடுப்பார்கள். தவணை கிடைக்க நாளாகும் என்பது உண்மைதான். அதற்காகப் பேர் தெரியாத ஊசிக்குப் போவது, பஸ் தாமதம் என்று லோரியின் முன்னே குதிப்பது போன்றது.

டாக்டர் முன் உட்கார்ந்ததும் நம் வாய் அடைத்துப் போகிறது. ஆகவே இந்தக் கேள்விகளை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இது என்ன ஊசி, ஸ்டீராய்டா? எந்த இடத்தில் போடுகிறீர்கள்? இதற்கு முன் எத்தனை போட்டிருக்கிறது? போட்ட பின் எத்தனை நாள் ஓய்வு? ஊசி தவிர வேறு வழி உண்டா?

டாக்டருக்குத் தமிழ் தெரியாவிட்டால், "சுந்திக்கான் அபா இனி?" என்று மலாயில் கேட்டால் போதும், இது என்ன ஊசி என்று சொல்லிவிடுவார். இனிப்புநீர் உள்ளவர்கள், "சாயா அடா கென்சிங் மானிஸ்" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள், காய்ச்சலோ ஊசி போடும் இடத்தில் புண்ணோ உள்ளவர்கள், கர்ப்பிணிகள் ஆகியோரும் அதை மறைக்கக் கூடாது. ஊசியின் பேரையும் தேதியையும் ஒரு சின்னப் புத்தகத்தில் எழுதி வையுங்கள். அடுத்த டாக்டருக்கு அதுவே பெரிய உதவி.

அக்காள் இப்போது

விரல் மறுபடி பூட்டிக்கொண்ட பின் அக்காள் இரண்டாம் முறை அதே டாக்டரிடம் போனார். டாக்டர் சர்க்கரையைப் பார்த்து, அது இறங்கும்வரை காக்கவைத்து, ஊசி போட்டு, எம்.சி.யும் எழுதிக் கொடுத்தார். இந்த முறை அக்காள் வீட்டில் இருந்தார். மகன் தண்ணீர் தூக்கிக் கொடுத்தான். மருமகள் துணி பிழிந்தாள். வெந்நீரில் கையை வைத்து, டாக்டர் காட்டியபடி விரலை மெல்ல மடக்கி நீட்டினார். வேலைக்குத் திரும்பிய பிறகு மண்டோரிடம் சொல்லி உர வாளியை விட்டு, இலேசான வேலைக்கு மாறிக்கொண்டார்.

நாம் விடைபெறும்போது கையைக் காட்டினார். விரல் நிமிர்ந்திருந்தது. "காலையில கொஞ்சம் விறைப்பு இருக்குங்க. ஆனா இப்ப அது கத்துறது எனக்குக் கேக்குது. கத்துனா நிறுத்திக்கிறேன்," என்று சிரித்தார்.

உங்கள் வீட்டிலும் யாருக்கேனும் விரல் பூட்டிக்கொள்கிறதா? தோள் தூக்க முடியவில்லையா? இந்த வாரமே கிளினிக்குக்குக் கூட்டிப்போங்கள். ஊசி போட்டுத் திரும்பி வருகிறவரை லயத்து வாசலில் பார்த்தால், இனிமேல் "ஊசி போட்டாங்களா?" என்பதோடு நிறுத்திவிடாதீர்கள். "என்ன ஊசி? எத்தனை நாள் ஓய்வு சொன்னாங்க?" என்றும் கேளுங்கள். அந்த நாள்களில் அவர் வீட்டுக்கு ஒரு குடம் தண்ணீர் தூக்கிக் கொடுங்கள். அந்தக் கை பிழைத்தால் அந்தக் குடும்பம் பிழைக்கும்.